கருத்தடைக் குளிசை தொடங்கப் போகிறீர்களா? கொழும்பில் இருக்கும் பெண்களுக்கு முதல் மூன்று மாத வழிகாட்டி

கருத்தடைக் குளிசை பற்றி யாரிடம் கேட்பது என்பதே எங்களில் பலருக்கு முதல் தடை. அம்மாவிடம் வாய் திறக்க முடியாது, மாமியாரிடம் நினைத்தும் பார்க்க முடியாது, மருந்துக்கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். நான் தொடங்கிய நேரத்தில் ஆளுக்கொரு பதில்தான் கிடைத்தது. “இன்றைக்குப் போட்டால் இன்றைக்கே வேலை செய்யும்” என்றார் ஒரு மருந்துக்கடைக்காரர். “மூன்று மாதம் கழிந்தால்தான் நம்பலாம்” என்றார் கூட வேலை செய்யும் அக்கா. “உடம்பு ஊதும், பிறகு பிள்ளையே தங்காது” என்றார் இன்னொருவர். கிளினிக்கிலும் டொக்டரிடமும் துண்டு துண்டாகக் கேட்டுத் தெளிந்ததை, உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்று இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

அட்டையை உடைக்கும் முன் இரண்டு விஷயம் தெரிந்தே ஆகவேண்டும். எந்த நாளிலிருந்து குளிசையை நம்பலாம் என்பது ஒன்று. எந்த உபாதையைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்பது மற்றது. இவை தெரியாதவர்கள்தான் முதல் அட்டையின் நடுவில் பயந்துபோய் யாருக்கும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

1. உங்களுக்கு இது ஒத்துவருமா என்று முதலில் பாருங்கள்

இரண்டு வகைக் குளிசைகள் உண்டு. ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டோஜன் ஆகிய இரண்டு ஹோர்மோனும் சேர்ந்தது கூட்டுக் குளிசை. புரொஜெஸ்டோஜன் மட்டும் உள்ளது இன்னொன்று. நாம் சாதாரணமாகக் கடையில் வாங்குவதும் கிளினிக்கில் கிடைப்பதும் பெரும்பாலும் கூட்டுக் குளிசை. இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

கூட்டுக் குளிசை எல்லோருக்கும் ஆகாது. காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு, மாரடைப்பு, பாரிசவாதம், மார்பகப் புற்றுநோய், கடுமையான ஈரல் நோய் இருந்தால் வேண்டாம். 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்களுக்கும் வேண்டாம். பிரஷர் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் டொக்டர் வேறு வழி சொல்லுவார். ஆகவே குளிசை வாங்குவதற்கு முன் பிரஷர் பார்த்தே ஆகவேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். உங்கள் குடும்ப டொக்டரின் டிஸ்பென்சரியில் பட்டையைக் கையில் சுற்றிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். “எனக்கு வயது இருபத்தைந்து, எனக்கெங்கே பிரஷர்” என்று விடாதீர்கள்.

ஒற்றைத் தலைவலி இருப்பவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். வெறும் தலைவலி வேறு. தலைவலி தொடங்குவதற்குச் சற்று முன் கண்ணுக்குள் கோணல்மாணலாக ஒளிக்கோடு ஓடுவது, பார்வையில் ஒரு பக்கம் காணாமல் போவது, ஒரு கை அல்லது உதட்டோரம் மரத்துப்போவது வேறு. இரண்டாவது வகை உங்களுக்கு உண்டென்றால் கூட்டுக் குளிசை பாரிசவாத ஆபத்தைக் கூட்டும். டொக்டர் தலைவலி இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடலாம். இந்த அறிகுறிகளை நீங்களாகவே சொல்லுங்கள்.

பால் கொடுக்கும் தாய்மார் குழந்தை பிறந்து ஆறு கிழமைக்குள் கூட்டுக் குளிசையைத் தொடவே கூடாது. அதன் பிறகும் ஆறு மாதம் வரை வேறு முறைகளையே முதலில் சொல்லுவார்கள். அவர்களுக்கு ஒற்றை ஹோர்மோன் குளிசை பொருந்தும்.

நீங்கள் போடும் மற்ற மருந்துகளும் முக்கியம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசிப்பின், ஃபெனிட்டோயின் போன்றவை குளிசையின் பலத்தைக் குறைத்துவிடும். லாமோட்ரிஜின் போடுபவர்களுக்குத் தலைகீழ்: கருத்தடைக் குளிசை அந்த மருந்தின் அளவைக் குறைத்து வலிப்பு திரும்ப வழி செய்யலாம். தடிமன் காய்ச்சலுக்குக் கொடுக்கும் அமொக்சிசிலின் போன்ற சாதாரண அன்டிபயோட்டிக்குகளால் பாதிப்பில்லை. ஊரில் சொல்வது போல் அதற்காகக் குளிசையை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. குளிசை தொடங்க உள்பரிசோதனை தேவையில்லை, ஆரோக்கியமான பெண்ணுக்கு இரத்தப் பரிசோதனையும் தேவையில்லை. அந்தப் பயத்திலேயே கிளினிக் பக்கம் போகாமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும்.

2. எங்கே போவது, என்ன கொண்டுபோவது, எவ்வளவு செலவாகும்

கொழும்பில் மூன்று வழி இருக்கிறது.

முதலாவது அரசாங்க கிளினிக். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடக்கும் குடும்பத் திட்டமிடல் கிளினிக்கில் பரிசோதனையும் இலவசம், குளிசையும் இலவசம். கொழும்பு நகரத்துக்குள் மாநகர சபையின் சுகாதாரப் பிரிவு இதைப் பார்க்கிறது. எந்த எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்பதை முதலில் சரிபாருங்கள். வெள்ளவத்தை மாநகர சபைக்குள், கால்வாய்ப் பாலம் தாண்டினால் தெஹிவளை, அது வேறு பணிமனை. தவறான இடத்தில் போய் நின்றால் அரை நாள் போய்விடும். கிளினிக் எல்லா நாளும் நடக்காது. எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முன்பே போனில் கேட்டுவிட்டு, வேலைக்குப் போகிறவர்கள் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு காலையிலேயே போங்கள். வாடகை வீட்டுக்கு மாறி வந்தவர்களுக்குத் தங்கள் பகுதியின் மிட்வைஃப் யாரென்றே தெரியாது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தத் தாயிடம் கேளுங்கள், அவரிடம் போன் நம்பர் இருக்கும். பொரளையில் உள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, டி சொய்சா மகளிர் வைத்தியசாலை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளுக்கும் போகலாம். ஆனால் சாதாரணமாகக் குளிசை தொடங்க அவ்வளவு பெரிய கூட்டத்தில் நிற்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

மிட்வைஃப் வைத்திருக்கும் பதிவேடு குடும்பங்களை வைத்துப் போடப்பட்டது. எனவே திருமணமாகாத பெண்களுக்கு அங்கே கேட்கக் கூச்சமாக இருக்கலாம். அவர்களுக்கு இரண்டாவது வழி வசதி: கொழும்பு 7, புல்லர்ஸ் லேனில் உள்ள இலங்கை குடும்பத் திட்டமிடல் சங்கத்தின் கிளினிக். இந்த விஷயத்துக்கென்றே இருக்கும் இடம் என்பதால் இது பற்றிக் கதைப்பது அவர்களுக்குப் புதிதல்ல. தமிழில் கதைக்கக்கூடியவர் எந்த நேரத்தில் இருப்பார் என்று போனில் கேட்டுக்கொண்டு போங்கள்.

மூன்றாவது தனியார் டொக்டர். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குடும்ப டொக்டரே போதும். எடுத்தவுடன் பெரிய ஆஸ்பத்திரியில் விசேட மகப்பேற்று வைத்தியரைச் சனல் பண்ணத் தேவையில்லை. அப்படிச் சனல் பண்ணினால் டொக்டர் கட்டணம், ஆஸ்பத்திரிக் கட்டணம், முற்பதிவுக் கட்டணம் என்று பில் தனித்தனியாக ஏறும். மேலே சொன்ன நோய்களில் ஏதாவது இருந்தால் மட்டும் அந்தச் செலவு நியாயமானது.

குளிசையின் விலையைக் கணக்குப் பார்க்கும்போது மாதத்துக்கு ஒன்று என்று 12 அட்டை போடாதீர்கள். ஒரு அட்டை 28 நாள், ஆகவே வருடத்துக்கு 13 அட்டை. குடும்பத் திட்டமிடல் சங்கம் விநியோகிக்கும் மிதுரி மலிவானது. வெளிநாட்டுப் பிராண்டுகள் பல மடங்கு விலை. விலை கூடியது நல்லது என்று இதில் எடுக்கக் கூடாது. பெரும்பாலானவர்கள் தொடங்குவதற்கு மிதுரியில் இருக்கும் கலவையே நல்லது, ஏனென்று ஆறாவது படியில் சொல்லுகிறேன்.

கொண்டுபோக வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, முன்பு ஏதும் கிளினிக் அட்டை இருந்தால் அது, நீங்கள் போடும் மருந்துகளின் துண்டு அல்லது வெற்று அட்டை, குழந்தை இருந்தால் அதன் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு. கடைசியாக மாதவிடாய் தொடங்கிய தேதியை எழுதிக்கொண்டு போங்கள். முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். குளிசைக்குக் கணவரின் கையெழுத்து தேவையில்லை.

3. அட்டையின் பின்புறத்தை வாசியுங்கள்

பல மருந்துக்கடைகளில் துண்டு கேட்காமலே மிதுரி கொடுப்பார்கள். மண்ணிறக் கடதாசி உறையில் போட்டு வேகமாகக் கையில் தருவார்கள், நாமும் வேகமாகக் கைப்பைக்குள் வைத்துவிடுவோம். அவசரப்படாதீர்கள். அட்டையை எடுத்துப் பாருங்கள்.

லெவோனோர்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடையோல் 0.03 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் அது வழக்கமான கூட்டுக் குளிசை. கிளினிக்கில் வேறு பெயரில் தந்தாலும் இந்த இரண்டு எண்ணும் ஒத்திருந்தால் மருந்து ஒன்றுதான், பயமில்லாமல் தொடரலாம். லெவோனோர்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் என்றோ, 0.75 மில்லிகிராம் இரண்டு குளிசை என்றோ இருந்தால் அது அவசரக் கருத்தடைக் குளிசை. மாதம் முழுக்கப் பாதுகாப்புத் தருவது அல்ல. கடையில் “குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை” என்று மெல்லிய குரலில் கேட்டுவிட்டு இதை வாங்கிவந்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து எண்ணிக்கை. 28 குளிசை உள்ள அட்டையில் 21 ஹோர்மோன் குளிசை, மீதி ஏழு வேறு நிறத்தில் இருக்கும். மிதுரியில் அவை இரும்புச்சத்துக் குளிசைகள். 21 மட்டும் உள்ள அட்டையென்றால் முடிந்ததும் ஏழு நாள் இடைவெளி விட்டு எட்டாம் நாள் அடுத்த அட்டை தொடங்கவேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 28 உள்ளதையே சொல்லுவேன். தினமும் ஒன்று, முடிந்தால் மறுநாளே அடுத்த அட்டை. எண்ண வேண்டிய வேலையே இல்லை.

காலாவதித் தேதியையும் பாருங்கள். அட்டையை வெயில்படும் யன்னலோரத்திலோ குளிர்சாதனப் பெட்டியின் மேலோ வைக்காமல் அலுமாரிக்குள் வையுங்கள். 2022 நெருக்கடியில் மருந்துக்கு அலைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆகவே எப்போதும் ஒரு அட்டை கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

4. முதல் குளிசை எந்த நாளில், எப்போதிலிருந்து நம்பலாம்

மாதவிடாய் தொடங்கிய நாளை முதலாம் நாள் என்று எண்ணுங்கள். முதலாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ஹோர்மோன் குளிசையைத் தொடங்கினால் அன்றே பாதுகாப்புத் தொடங்கிவிடும். வேறெதுவும் தேவையில்லை.

ஐந்தாம் நாள் தாண்டிவிட்டதா? அடுத்த மாதம் வரை காத்திருக்கத் தேவையில்லை. கர்ப்பமில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் எந்த நாளிலும் தொடங்கலாம். ஆனால் முதல் ஏழு நாளும் ஆணுறை பாவிக்கவேண்டும், அல்லது சேராமல் இருக்கவேண்டும். உதாரணமாக, மாதவிடாய் 3ஆம் தேதி வந்தது என்று வைத்துக்கொள்வோம். 7ஆம் தேதிக்குள் முதல் குளிசை போட்டால் அன்றிலிருந்தே சரி. 12ஆம் தேதி தொடங்கினால் 12 முதல் 18 வரை ஏழு குளிசை போட்டு முடிய, 19ஆம் தேதியிலிருந்து நம்பலாம்.

ஏன் ஏழு? சூலகத்தில் முட்டை முதிர்ந்து வெளிவருவதை நிறுத்திவைக்க ஹோர்மோன் குளிசை தொடர்ந்து ஏழு நாள் உள்ளே போகவேண்டும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால் கீழே வரும் எல்லா விதியும் தானாகப் புரியும். மருந்துக்கடைக்காரர் சொன்ன “இன்றைக்கே” என்பது முதல் ஐந்து நாளுக்குள் தொடங்கியவருக்கு மட்டும் சரி. அக்கா சொன்ன மூன்று மாதம் உபாதைகள் அடங்கும் காலம், பாதுகாப்புத் தொடங்கும் காலம் அல்ல.

ஒற்றை ஹோர்மோன் குளிசைக்கு ஐந்தாம் நாளுக்குப் பிறகு தொடங்கினால் இரண்டு நாள் ஆணுறை போதும். ஆனால் நேரம் தவறுவதை அது பொறுக்காது. பழைய வகைகளில் மூன்று மணி நேரம் பிந்தினாலே தவறவிட்டதாகக் கணக்கு.

தொடங்கும்போது அட்டையில் எந்தக் குளிசையிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். வேறு நிறத்து ஏழில் தொடங்கிவிட்டால் ஒரு கிழமை வெறும் இரும்புச்சத்தைத்தான் விழுங்கியிருப்பீர்கள். அம்புக்குறி காட்டும் ஹோர்மோன் குளிசையிலிருந்து தொடங்குங்கள். நேரம் உங்கள் விருப்பம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பது மணி என்று போனில் அலாரம் வைப்பது பலருக்குச் சரிவருகிறது.

இரும்புக் குளிசை போடும் ஏழு நாளும் பாதுகாப்பு இருக்கிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். இருக்கிறது, முன் 21ஐயும் ஒழுங்காகப் போட்டிருந்தால், அடுத்த அட்டையை நேரத்துக்குத் தொடங்கினால். எல்லாவற்றிலும் ஆபத்தான மறதி அடுத்த அட்டையைப் பிந்தித் தொடங்குவதுதான். சூலகம் ஏற்கெனவே ஏழு நாள் ஹோர்மோன் இல்லாமல் இருந்திருக்கிறது. அதை ஒன்பது, பத்து நாளாக நீட்டினால் முட்டை விழித்துக்கொள்ளும். “புது அட்டை வாங்க மறந்துவிட்டேன், சனிக்கிழமை வாங்கலாம்” என்பது இங்கே செல்லாது.

குளிசை பாலியல் நோய்த்தொற்றைத் தடுக்காது. அதற்கு ஆணுறைதான்.

5. முதல் மூன்று மாதம்: பொறுத்துக்கொள்ளலாம் என்கிறவை

பெண்களை அதிகம் பயமுறுத்துவது இடையில் வரும் இரத்தக்கசிவு. அட்டையின் பத்தாம், பன்னிரண்டாம் குளிசையில் நிற்கிறீர்கள், மாதவிடாய் நாளே இல்லை, உள்ளாடையில் மண்ணிறமாகவோ இளஞ்சிவப்பாகவோ கறை. உடனே “குளிசை வேலை செய்யவில்லை, மாதவிடாய் வந்துவிட்டது, நிறுத்துவோம்” என்று தோன்றும். நிறுத்தாதீர்கள். கருப்பையின் உட்சுவர் புதிய ஹோர்மோன் அளவுக்குப் பழகும்வரை அங்கங்கே உதிரும், அவ்வளவுதான். குளிசையை ஒழுங்காகப் போட்டிருந்தால் பாதுகாப்புக் குறையவில்லை. ஒரே நேரத்தில் போட்டுவந்தால் கசிவும் கெதியில் அடங்கும். பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் அட்டையில் நின்றுவிடும். மெல்லிய பாட் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போங்கள். கசிந்த நாட்களைக் கலண்டரில் குறித்து வையுங்கள், மூன்றாம் மாதம் டொக்டரிடம் காட்ட உதவும்.

குமட்டலும் சகஜம். வெறும் வயிற்றில் காலையில் போடுபவர்களுக்கு அதிகம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுவிட்டுப் படுத்தால் பெரும்பாலும் தெரியாமலே போய்விடும்.

மார்பு கனத்து வலிப்பது, வயிறு உப்பியது போலிருப்பது, லேசான தலைவலி எல்லாம் முதல் அட்டைகளில் வரலாம். சிலருக்கு இரும்புக் குளிசை நாட்களில்தான் தலைவலி வரும், ஹோர்மோன் திடீரென்று இறங்குவதால். இரும்புச்சத்தினால் மலம் கறுப்பாகப் போகலாம், அதற்கும் பயப்படத் தேவையில்லை.

உடம்பு வைக்குமா? முதல் மாதங்களில் உடலில் நீர் தங்கி உடுப்பு இறுகியது போல் இருக்கலாம். ஆனால் கூட்டுக் குளிசை கொழுப்பைக் கூட்டி உடம்பைப் பெருக்குகிறது என்று ஆய்வுகளில் உறுதியாகவில்லை. முகத்தில் கருமை படர்வது சிலருக்கு நடக்கும், வெயில் அதைக் கூட்டும். வெளியே போகும்போது குடை பிடியுங்கள். மாதவிடாய் முன்பைவிடக் குறைவாக, இரண்டு மூன்று நாளில் முடிவதும் சாதாரணமே. “கெட்ட இரத்தம் உள்ளே தங்கிவிட்டது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உட்சுவர் மெலிதாகவே வளர்வதால் வெளியேற அதிகம் இல்லை. மாதாமாதம் வயிற்றுவலியில் சுருண்டு படுத்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

மனநிலையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆகவே நான் சொல்லுகிறேன். சிலருக்குக் காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும், தாம்பத்தியத்தில் விருப்பம் குறையும். எல்லோருக்கும் வராது, வந்தாலும் பலருக்கு ஓரிரு அட்டையில் சரியாகும். ஆனால் நாள்முழுதும் மனம் இருண்டு, நித்திரை கெட்டு, வாழ்வில் பிடிப்பே இல்லாதது போலத் தோன்றினால் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். உடனே டொக்டரிடம் போங்கள். வேறு முறைகள் எத்தனையோ உண்டு. வீட்டில் ஒருவரிடமாவது, கணவரிடமோ தங்கையிடமோ, “குளிசை தொடங்கியிருக்கிறேன், என் குணம் மாறினால் சொல்லு” என்று சொல்லிவையுங்கள்.

6. பொறுத்துக்கொள்ளவே கூடாதவை

கூட்டுக் குளிசையின் பெரிய ஆபத்து இரத்தம் உறைதல். அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது. குளிசை போடாத 10,000 பெண்களில் வருடத்துக்குச் சுமார் 2 பேருக்கு வருவது, லெவோனோர்ஜெஸ்ட்ரல் கலந்த குளிசை போடுபவர்களில் 5 முதல் 7 பேருக்கு வருகிறது. டிரோஸ்பிரினோன் கலந்த விலை கூடிய வகைகளில் 9 முதல் 12. மலிவான மிதுரியின் கலவையை முதலில் சொன்னதற்கு இதுதான் காரணம். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் இந்த ஆபத்து இவை எல்லாவற்றையும்விட அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆபத்து அதிகமாக இருப்பது தொடங்கிய முதல் வருடத்தில், அதிலும் முதல் மாதங்களில்.

இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்:

ஒரு கால் மட்டும், பெரும்பாலும் கெண்டைக்கால், வீங்கி வலித்துச் சூடாக இருப்பது. திடீரென்று மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்து, இருமலில் இரத்தம். இதுவரை வராத அளவுக்குக் கடும் தலைவலி, பார்வை மங்குவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் மரத்துப்போவது. தாங்க முடியாத வயிற்றுவலி, கண் மஞ்சளாவது.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் என்றால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். ஆஸ்பத்திரியில் முதல் வாக்கியமே “நான் கருத்தடைக் குளிசை போடுகிறேன்” என்பதாக இருக்கட்டும். மாமியார் பக்கத்தில் நின்றாலும் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொண்டால்தான் டொக்டர் இரத்த உறைவைத் தேடுவார். வயிற்றெரிவு, பிடிப்பு என்று மருந்து தந்து அனுப்பிவிடக் கூடாது. சத்திரசிகிச்சைக்குத் தேதி கிடைத்தாலும் முன்கூட்டியே இதைச் சொல்லவேண்டும்.

7. மறந்தால், வாந்தி எடுத்தால்

ஒழுங்காகப் போட்டால் முதல் வருடத்தில் 1000 பெண்களில் சுமார் 3 பேருக்குத்தான் கர்ப்பம் தங்கும். நடைமுறையில், மறதியோடு சேர்த்துப் பார்த்தால், 100 பேரில் 7 பேர். இந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் இருப்பதெல்லாம் இந்தப் படிதான்.

ஒரு ஹோர்மோன் குளிசை விடுபட்டால் நினைவு வந்த உடனே போடுங்கள். அன்றைக்கு உரியதையும் அதன் நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு போட்டாலும் ஆபத்தில்லை, கொஞ்சம் குமட்டலாம். ஆணுறை தேவையில்லை.

இரண்டு அல்லது அதற்கு மேல் விடுபட்டால் கடைசியாக விட்ட ஒன்றை மட்டும் உடனே போட்டு, மற்றதை எறிந்துவிட்டு, வழக்கம்போல் தொடருங்கள். ஏழு நாள் ஆணுறை. அது அட்டையின் மூன்றாம் கிழமையில் நடந்தால் ஹோர்மோன் குளிசைகளை முடித்து, இரும்புக் குளிசைகளை விட்டுவிட்டு, நேரே அடுத்த அட்டையைத் தொடங்குங்கள். முதல் கிழமையில் விடுபட்டு, அந்த நாட்களில் ஆணுறை இல்லாமல் சேர்ந்தும் இருந்தால் அவசரக் குளிசை தேவைப்படலாம். மருந்துக்கடைகளில் போஸ்டினோர் என்று கேட்டால் கிடைக்கும். 72 மணி நேரத்துக்குள் போடவேண்டும், எவ்வளவு கெதியாகவோ அவ்வளவு நல்லது. அதன்பின் அட்டையைத் தொடர்ந்து, ஏழு நாள் ஆணுறை. மூன்று கிழமை கழித்து ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள்.

இரும்புக் குளிசை விடுபட்டால் கவலையே வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

குளிசை போட்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடுங்கள். வாந்தியோ கடும் வயிற்றோட்டமோ இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் குளிசை விடுபட்டதாகவே எடுத்து மேலே சொன்னபடி செய்யுங்கள். இப்படியான நாளுக்கென்று மேலதிக அட்டை ஒன்று இருப்பது நல்லது.

8. கோவில், நோன்பு, பயணம்

ஆடிவேலுக்கோ வீட்டில் கல்யாணத்துக்கோ மாதவிடாயைத் தள்ளிப்போட நொரெதிஸ்டெரோன் 5 மில்லிகிராம் குளிசை வாங்கிப் போடுவது எங்கள் வீடுகளில் வழக்கம். அப்படித் தள்ளிப்போடுவதற்குப் போடும்போது அது கருத்தடை ஆகாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்தவர்களை நிறையப் பார்க்கிறேன். நீங்கள் ஏற்கெனவே கூட்டுக் குளிசையில் இருந்தால் அது தேவையே இல்லை. இரும்புக் குளிசைகளை விட்டுவிட்டு அடுத்த அட்டையின் ஹோர்மோன் குளிசையை மறுநாளே தொடங்குங்கள். மாதவிடாய் அந்த மாதம் வராது, பாதுகாப்பும் தொடரும்.

றமழான் நோன்பு பிடிக்கும் சகோதரிகள் நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகு என்று நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது இடைவெளி 24 மணிக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, கூடக் கூடாது. மாற்றும் நாளில் அடுத்த குளிசையை முந்திப் போடுங்கள். இலண்டனோ கனடாவோ போனால் போனில் கொழும்பு நேரத்தையும் வைத்துக்கொண்டு அதன்படியே போடுங்கள். நள்ளிரவில் விழவேண்டி வந்தால் இதே விதிப்படி முந்தி நகர்த்துங்கள். நீண்ட விமானப் பயணத்தில் இடையிடையே எழுந்து நடவுங்கள்.

9. மூன்றாம் அட்டை முடியும்போது

கிளினிக்குக்குத் திரும்பிப் போய்ப் பிரஷரை மறுபடி பாருங்கள். பிரஷர் சத்தமில்லாமல் ஏறும், உங்களுக்குத் தெரியாது. கசிவு இன்னும் நிற்கவில்லையென்றால் கலண்டரைக் காட்டுங்கள். குளிசை விடுபட்டிருக்கிறதா, தொற்று ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, தேவையென்றால் வேறு கலவைக்கு மாற்றுவார்கள். இரும்புக் குளிசை நாட்களில் ஒரு தடவை மாதவிடாய் வராவிட்டால், எல்லாக் குளிசையும் ஒழுங்காகப் போட்டிருந்தால் பயமில்லை, ஆனாலும் மனநிம்மதிக்கு ஒரு பரிசோதனை செய்யலாம். இரண்டு மாதம் தொடர்ந்து வராவிட்டால் கட்டாயம் செய்யுங்கள்.

ஆரோக்கியமான பெண் இடையிடையே குளிசைக்கு “ஓய்வு” கொடுக்கத் தேவையில்லை. அந்த ஓய்வில் பாதுகாப்புத்தான் இல்லாமல் போகும். பிள்ளை வேண்டுமென்று தோன்றும்போது கையில் இருக்கும் அட்டையை முடித்துவிட்டு நிறுத்துங்கள். குளிசை உடம்பில் சேர்ந்து தங்குவதில்லை, சிலருக்கு அடுத்த மாதமே கர்ப்பம் தங்கும். ஆகவே நிறுத்துவதற்கு முன்பே மிட்வைஃபிடம் சொல்லி ஃபோலிக் அசிட் குளிசையை வாங்கித் தொடங்கிவிடுங்கள். அதுவும் அதே கிளினிக்கில் இலவசம்தான்.